விசாரிக்க வர்றாக

— மூணா? மூணு ஆன்டிவைரஸா மாமா போட்டு வச்சிருக்கீங்க?

— ஏன் மாப்ள, பத்தாதா?

— ஒண்ணு போட்டாலே இந்த மிஷினுக்கு மூச்சு வாங்கும். பழைய மாடல். ராம் ரெண்டு ஜிபிதான்.

— அதுக்குத்தான் மூணு. ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் முழிச்சிருப்பான்ல. நம்ம பேரையூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு எத்தன சாமி காவல் நிக்குது? எல்லையில கருப்பு, கம்மாக்கரையில முனி, ஊருக்குள்ள அய்யனாரு. என்னைக்காச்சும் ஒரு சாமி போதும், மத்ததெல்லாம் கெளம்புங்கன்னு சொல்லிருக்கமா? என்னங்கிறேன்.

— சாமிங்க ஒண்ண ஒண்ணு திருடன்னு சொல்லாது மாமா. இதுங்க சொல்லும். இங்க பாருங்க. இந்தக் கழுகுப் படம் போட்டவன், பூட்டுப் படம் போட்டவன வைரஸ்னு சொல்லிப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கான்.

— அடைச்சுட்டானா? எப்ப?

— போன மாசமே.

— அடப்பாவி. வீட்டுக்காரன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாம்?

— சொல்லியிருக்கான். ஓரத்துல செவப்பா எழுதிக் காட்டியிருக்கான். நீங்க எக்ஸ் அமுக்கி மூடியிருக்கீங்க.

— செவப்பா எது வந்தாலும் எக்ஸ் அமுக்கிருங்கன்னு சொன்னது யாரு மாப்ள? நீங்கதான்.

— அது விளம்பரத்துக்கு.

— எது வெளம்பரம், எது வெவகாரம்னு அதுல எழுதியா ஒட்டியிருக்கு? கேட்டுக்கங்க, தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு ரூமப் பாத்தவன் நான். ஒரே பூட்டு. ஒரே வாட்ச்மேன். அவனும் தூங்குவான். ஒரு காகிதம் காணாமப் போனதில்ல.

— எலி தின்னிருக்குமே.

— எலி தின்னது காணாமப் போனதுல சேராது.

— சரி. இந்த மூணையும் யார் போட்டது?

— கழுகு, கம்ப்யூட்டர் கடை ஜுல்பிகர் பாய் போட்டது. மிஷின் வாங்குனப்பவே போட்டுக் குடுத்தாரு. "அல்லா பாத்துக்குவான் அண்ணே, இருந்தாலும் இதுவும் இருக்கட்டும்"னாரு. பூட்டு, எதுத்த வீட்டு பேங்க்காரரு போட்டது. அவரு வீட்டுல அதுதானாம். மூணாவது...

— மூணாவது?

— அது தானா வந்துச்சு.

— தானாவா?

— சொந்தக்காரப் பய ஒருத்தனுக்கு வில்லங்கம் போட்டுப் பாத்துக் குடுத்தேன். அத பிடிஎப் ஆக்குறதுக்கு ஒண்ண எறக்குனேன். அவன் கையப் புடிச்சுக்கிட்டு இவனும் உள்ள வந்துட்டான். வந்தவன வாசல்லயா நிக்க வைக்க முடியும்? கெடந்துட்டுப் போறான்னு விட்டேன்.

— மாமா, அவன்தான் திருடன்.

— காவக்காரன் மாதிரித்தானே வேசம் போட்டு நின்னான்.

— திருடன் வேற எப்படி வருவான்? "உங்க கம்ப்யூட்டர்ல நூறு வைரஸ் இருக்கு, இங்க அமுக்கு"ன்னு சொல்லியிருப்பானே.

— சொன்னான். நாலஞ்சு தடவ அமுக்குனேன்.

— எதுக்கு நாலஞ்சு தடவ?

— நூறு இருக்குன்னானே மாப்ள. ஒரு அமுக்குல போயிருமா?

— இப்ப பட்டன அமுக்கினா எவ்வளவு நேரத்துல திறக்குது?

— அமுக்கிட்டுத் தல்லாகுளத்துல அழகர்கோவில் பஸ் ஏறினம்னு வைங்க. சாமியக் கும்பிட்டு, தோசை வாங்கித் தின்னுட்டு, திரும்பி வந்து செருப்பக் கழட்டயில வணக்கம்னு வரும்.

— மூணையும் எடுத்துர்றேன். ஒண்ணு மட்டும் போதும். லேசான ஒண்ணு.

— எடுங்க. ஆனா எவன வைக்கிறதுன்னு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் வைக்கணும். இது எங்க வீடு.

— கேக்குறேன். இது ஒண்ணு இருக்கு. ரொம்ப லேசு. இங்க கொஞ்சம்தான் இருக்கும். பாதி வேலைய அவங்க சர்வர்ல வச்சுப் பாத்துக்குவாங்க. அதனால மிஷினுக்குச் சுமை கம்மி.

— அவுக சர்வரு எங்க இருக்கு?

— வெளிநாட்டுல. ஐரோப்பாப் பக்கம்.

— ஐரோப்பாவுல எந்த ஊரு?

— தெரியாது.

— தல்லாகுளத்து வீட்டுக்குக் காவக்காரன் ஐரோப்பாவுல நாக்காலி போட்டு உக்காந்திருக்கான். நெட்டு கட்டாச்சுன்னா?

— அப்ப கொஞ்சம் கண்ணு மங்கும்.

— நம்ம தெருவுல நெட்டு நிக்காத நாளு உண்டா? ஊரு தெரியாது, பேரு தெரியாது, மழ பேஞ்சா கண்ணு தெரியாது. அவன வீட்டுக்குள்ள விடச் சொல்றீங்க. யார்கிட்டயாச்சும் விசாரிச்சீங்களா?

— நெட்ல நல்லபடியா எழுதியிருக்காங்க.

— அவனே எழுதியிருப்பான். விசாரிக்கிறதுன்னா அதுக்கு ஒரு மொற இருக்கு மாப்ள. பழகுன வீட்டுல போயிக் கேக்கணும். இன்னைக்கு நாலு மணிக்கு நம்ம வீட்டுக்கு வர்றாகள்ல, அந்த மாதிரி. என்ன மாப்ள, கை நின்னு போச்சு?

— லோடாகுது.

— ஆகட்டும். கருத்தக்கண்ணன்னு ஒரு ஆளு, பேரையூர்ல இருந்து போன் பண்ணாரு. "உங்க மாப்ளைக்கு எங்க பொண்ணப் பேசிக்கிட்டிருக்கோம், உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறலாம்னு வாரோம்"னாரு. ரெண்டாந்தாரமாக் குடுக்குறவுக மொதத் தாரத்தப் பெத்தவுககிட்ட வந்துதான் கேப்பாக. என்னங்கிறேன். மொறைய நான் குத்தம் சொல்லல.

— தெரியும் மாமா. வர்றாங்கன்னு அம்மா சொன்னாங்க.

— தெரிஞ்சுதான வந்திருக்கீங்க. ஈஸ்வரி வருசத் திதி முடிஞ்ச கையோட போனவரு நீங்க. மிஷின் படுத்துருச்சு, வாங்க மாப்ள, வாங்க மாப்ளன்னு நான் கத்துன கத்து மீனாட்சியம்மனுக்கே கேட்டுருக்கும். வேல, வேலன்னீங்க. இன்னைக்குக் கூப்புடாமலே வந்து நிக்கிறீங்க. பென்டிரைவும் கையுமா. அதுவும் அவுக வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி.

— மாமா, நான் ஒண்ணு சொல்லணும்னுதான்...

— சொல்ல வேணாம். எனக்கா புரியாது? ரெக்கார்டு ரூம்ல எத்தன பேரப் பாத்திருக்கேன். நன்னடத்தைச் சான்று வாங்க வர்றவன் மொதல்ல மின்விசிறி நல்லா ஓடுதா சார்னுதான் கேப்பான்.

— ஏங்க, வந்த ஆளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்காம என்ன வம்பு இழுத்துக்கிட்டு இருக்கீக? இந்தாங்க தம்பி. சீனி கம்மியாத்தான் போட்டுருக்கேன்.

— வேணாம் அத்தை.

— குடிங்க. வர்றவுகளுக்குன்னு பால் கூட வாங்குனேன், அதுல போட்டது. வடைக்கு உளுந்தும் ஆட்டி வச்சிருக்கேன். எம் மக இருந்த எடத்துக்குப் பொண்ணு குடுக்க வர்றாக, அவுகளுக்கு நான் வடை சுடுறேன். ஆத்தீ, இப்படி ஒரு விருந்த இந்த மதுரையில எவ வச்சிருப்பா?

— யாரும் வடை கேக்கல அத்தை.

— கேக்காட்டி? வெறும் வாயோட அனுப்புனா, ஈஸ்வரி அம்மாக்காரி மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாம்பாக. அந்தப் பேரு எனக்கெதுக்கு? வடையத் தின்னுட்டுப் போகட்டும். அம்புட்டுத்தான்.

— சோலை, நீ போயி அடுப்பப் பாரு.

— அடுப்பு எங்கயும் ஓடாது. நீங்க என்ன பண்றீக தம்பி, அது என்னமோ கேள்வி கேட்டுக்கிட்டு நிக்குது?

— கழுகுப் படத்த எடுக்குறேன் அத்தை. போக மாட்டேங்குது. "எங்களை விட்டு ஏன் போகிறீர்கள்? காரணம் சொல்லவும்"னு கேக்குது.

— நல்ல கேள்வியாத்தான் கேக்குது. என்ன சொல்லப் போறீக? நானும் கேட்டுக்கிறேன்.

— "பிற காரணங்கள்"னு போட்டுட்டேன்.

— அது சரி. நம்ம தம்பி சொல்லுற பதிலுதான்.

— மாமா, அடுத்தது பாருங்க. இது ஒண்ணு. இலவசம். லேசும்தான். ஆனா ஓயாம ஓரத்துல வந்து நிக்கும். "ஆபத்து, ஆபத்து, பணம் கட்டினா முழுக் காவல்"னு நச்சரிக்கும்.

— பயமுறுத்தியே காரியம் சாதிக்கிறவனா?

— சம்பந்தியம்மா மாதிரின்னு சொல்லுங்க.

— சோலை!

— பொய்யா சொல்றேன்? பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு படுத்துக்கிட்டாகளாமே. மகன் ரெண்டாங் கல்யாணத்துக்குச் சரின்னாத்தான் எந்திரிப்பேன்னு. உண்டா இல்லையா தம்பி?

— உண்டு.

— எந்திருச்சாச்சா?

— நான் சரின்னு சொன்னதும் எந்திரிச்சுச் சாப்பிட்டாங்க.

— என்ன சாப்புட்டாக?

— இட்லி.

— எத்தன?

— எண்ணல அத்தை.

— எண்ணியிருக்கணும். கெட்டிக்காரி. எனக்கும் அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தா எம் மக காய்ச்சல்ல கெடந்தப்ப எமன்கிட்டப் போயிப் பட்டினி கெடந்து படுத்திருப்பேன்.

— ஏய், போதும். மாப்ள, இலவசக்காரன் வேணாம். வேற காட்டுங்க.

— இது காசு கட்டுறது. வருசா வருசம் கட்டணும். நல்ல காவல். ஆனா கனம். இந்த மிஷின்ல போட்டா இது மட்டும்தான் ஓடும். வேற ஒண்ணும் ஓடாது.

— அப்ப வீட்டுல காவக்காரன் மட்டும்தான் குடியிருப்பான். நம்ம வெளிய நின்னு அவனுக்குக் காவல் காக்கணும். அதுவும் வேணாம். அடுத்தது?

— கடைசியா ஒருத்தன். வெளிய இருந்து கூட்டிட்டு வர வேண்டியதில்ல. விண்டோஸோடவே வந்தவன். முதல்ல இருந்து உள்ளதான் இருக்கான்.

— எங்க இருக்கான்? நான் பாத்ததே இல்லையே.

— கழுகு வந்ததும் அவன் தானா ஒதுங்கிக்குவான். வேற ஆளு இருந்தா குறுக்க வர மாட்டான்.

— சம்பளம்?

— கிடையாது.

— சத்தம் போடுவானா?

— மாட்டான்.

— இம்புட்டு நாளா உள்ளயே கெடந்தானா? யாரும் ஏன்னு கேக்காம?

— ஆமா. எழுப்பி விட்டாப் போதும். முழு ஸ்கேன மட்டும் மத்தியானத்துக்கு மாத்தி வைக்கிறேன். நீங்க சாப்பிட்டுப் படுக்குற நேரம். நீங்க வேலை பாக்குறப்ப மிஷின் இழுக்காது.

— பேசாத ஆளு. சம்பளம் கேக்காத ஆளு. ஒரு ஓரமா உக்காந்து வேலயப் பாக்குறவன். சோலை, இவன எங்கயோ பாத்த மாதிரி இல்ல?

— வாராவாரம் ஞாயித்துக்கெழம வருவாரு. மோட்டார் ஓடலன்னா மோட்டாரப் பாப்பாரு, மிக்சி ஓடலன்னா மிக்சியப் பாப்பாரு. மக இருந்த வரைக்கும்.

— அத்தை...

— நான் ஒண்ணும் சொல்லல தம்பி. காப்பி ஆறுது.

— மாமா, இவனையே வச்சிருவோமா?

— வைங்க. வீட்டோட மாப்ள. இவனாச்சும் இருக்கட்டும்.

— வச்சாச்சு. ஒருதடவ ஆப் பண்ணி ஆன் பண்ணணும். பாய்கிட்டச் சொல்லி இன்னொரு ரெண்டு ஜிபி ராம் போட்டுக்கங்க, பழசே கிடைக்கும். எவன் வந்து "நூறு வைரஸ்"னு சொன்னாலும் அமுக்காதீங்க. எதையும் எறக்காதீங்க. இது தானா அப்டேட் ஆகிக்கும். இனிமே யாரும் வந்து பாக்க வேண்டியதில்ல.

— கேட்டீகளாங்க? யாரும் வந்து பாக்க வேண்டியதில்லையாம்.

— கேட்டேன்.

— மிஷினச் சொன்னேன் அத்தை.

— நாங்களும் மிஷினத்தான் சொல்றோம் தம்பி. புது மாமனாரு வீட்டுல புது மிஷினு இருக்கும். அது படுக்காது. நீங்க இனிமே எதுக்கு ஸ்க்ரூடிரைவரத் தூக்கிட்டு அலையணும்?

— மாப்ள, இங்க என்னையப் பாருங்க. நாலு மணிக்கு வர்றவுககிட்ட நான் என்ன சொல்லுவேன்னு நெனைக்கிறீங்க?

— அதப் பத்தித்தான் மாமா பேசணும்னு...

— நானே சொல்றேன், கேட்டுக்கங்க. இந்த ஜெயபாண்டி இருக்காரே, வாயத் தெறந்தா முத்து உதிந்துருமோன்னு மூடியே வச்சிருக்குற ஆளுய்யாம்பேன். கொழம்புல உப்பே இல்லன்னாலும் தின்னுட்டுக் கையக் கழுவுற ஆளும்பேன். எம் மக சொல்லுவா, "அப்பா, இவருக்குக் கோவம் வந்தாலும் தெரியல, சந்தோசம் வந்தாலும் தெரியல, செவத்துல தொங்குற காலண்டரு கூட நாளுக்கு ஒருக்கா மாறுது"ன்னு. அதையும் சொல்லுவேன்.

— சொல்லுங்க.

— எம் மக செத்த அன்னைக்குக் கூட ஒரு சொட்டுக் கண்ணீரு விடல, ஆம்புலன்ஸ்காரனுக்கு வழி சொல்லிக்கிட்டு நின்னாருய்யாம்பேன். ஊரே பேசிச்சு. என்ன கல்லு மனசுன்னு. அதையும் சொல்லட்டா?

— சொல்லுங்க மாமா.

— என்ன, எதச் சொன்னாலும் சொல்லுங்க சொல்லுங்கங்கிறாரு?

— விடுங்க. இதெல்லாம் கேட்டாலும் அவுக பொண்ண நிறுத்தவா போறாக? பேசாத புருசன்னா கும்புட்டுக் குடுப்பாக. பேசுறவனக் கட்டி நான் படுறது போதாதா?

— சோலை, நீ சும்மா இரு. மாப்ள... சரி. போதும். எனக்கும் வாய் வலிக்குது. பயப்படாதீங்க. நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில அவ வாந்தி எடுத்தா. நான் பெத்த அப்பன், வாளி எங்க வாளி எங்கன்னு வராண்டாவுல ஓடுறேன். நீங்க ரெண்டு கையையும் சேத்து ஏந்துனீங்க. ஏந்திக்கிட்டு அவகிட்ட "பரவால்ல"ன்னீங்க. ஒரே வார்த்த. கதவுக்கிட்ட நின்னு அத நான் பாத்தேன். இத நான் இவகிட்டக் கூடச் சொன்னதில்ல.

— ஏங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீங்க.

— இப்பச் சொல்றேன்ல. அதத்தான் கருத்தக்கண்ணன்கிட்டயும் சொல்லப் போறேன். கண்ண மூடிக்கிட்டுக் குடுங்கய்யா, உங்க பொண்ணு குடுத்து வச்சவன்னு. சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும். எரியுதேன்னு ஒரு நல்ல ஆளப் பத்தி நான் பொய் சொல்ல முடியாது.

— மாமா, வேணாம்.

— என்ன வேணாம்? ரொம்பப் பாராட்டுறேன்னு கூச்சமா? அவுக இருக்குறப்ப நீங்க இருக்கப் போறதில்ல, கூச்சப்படாதீங்க.

— தம்பி, நானும் சொல்லுவேன். வடையக் கையில குடுத்துக்கிட்டே சொல்லுவேன். எனக்கு இன்னொரு மக இருந்தா உங்களுக்குத்தான் தள்ளி விட்டுருப்பேன்னு. அவ ஒருத்திதான பொறந்தா.

— அத்தை, நான் சொல்றதக் கொஞ்சம்...

— ஏங்க, வாசல்ல ஆட்டோ சத்தம் கேக்குது. இருங்க, எட்டிப் பாக்குறேன். ஆத்தீ, அவுகதான். வெள்ள வேட்டி ரெண்டு, கூட ஒரு பொம்பள. நாலு மணின்னுட்டு இப்பவே வந்து எறங்குறாக.

— கையில என்ன வச்சிருக்காக?

— பழப்பை. தாம்பூலம் மாத்த வந்த மாதிரியே வர்றாக. முடிஞ்ச மாதிரிதான் போல.

— அப்ப நம்ம ஒரு வார்த்தைக்குத்தான் பாக்கி. மாப்ள, மிஷின அமத்துங்க. நீங்க கொல்லப்பக்கமாக் கெளம்பிருங்க. உங்கள இங்க பாத்தா, சொல்லிக் குடுத்து வச்சிருக்காகன்னு நெனைப்பாக. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— போறேன் மாமா. ஆனா நான் சொல்ல வந்தத நீங்க கேக்கவே இல்ல.

— அதான் நல்ல விதமாச் சொல்றேன்னு சொல்லிட்டேனே. இந்தா, கதவத் தட்டுறாக. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?

— குடிப்பான், பொண்டாட்டிய அடிப்பான்னு சொல்லி அனுப்பிருங்க மாமா. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க.